மலை மேல ஃபாஸ்ட் பவுலிங் போடுற பசங்க முதுகைக் காப்பாத்துறது எப்படி

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் எந்த ஹட்டிக்கு (மலைக் கிராமத்துக்கு) போனாலும் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல மண்ணை வெட்டி சமன் பண்ணின ஒரு கிரவுண்ட் இருக்கும், சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்த பசங்க அதுல விளையாடிட்டு இருப்பாங்க, அந்தக் கூட்டத்துல ஒருத்தனாவது வயசுக்கு மீறின வேகத்துல போடுவான். அவனுக்காகவும் அவன் அப்பா அம்மாவுக்காகவும்தான் இது. இப்பதான் ஃபாஸ்ட் பவுலிங் பழக ஆரம்பிச்சிருக்கிற 12லருந்து 18 வயசு வரைக்கும் உள்ள பசங்க, பொண்ணுங்க எல்லாருக்கும் பொருந்தும்.

நம்ம ஊர்ல முதுகு வலின்னா நீலகிரித் தைலத்தைத் தேய்ச்சு விட்டுட்டு ஞாயித்துக்கிழமை மேட்சுக்கு அனுப்பிடுறாங்க. சதை வலின்னா தைலம் கொஞ்சம் இதமா இருக்கும், சரி. ஆனா வளர்ற வயசுல வேகமா போடுற பையனுக்கு இடுப்புக்கு மேல ஒரு பக்கமா வலிக்குதுன்னா அது சதையா எலும்பான்னே தெரியாம தேய்ச்சுட்டு இருக்கோம். எலும்புல விழுற விரிசலைத் தைலம் ஒண்ணும் பண்ணாது.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க

ரைட் ஆர்ம் பவுலர்னு வெச்சுக்குவோம். ஓடி வந்து இடது காலைத் தரையில ஊன்றுற அந்த நொடியில உடம்பு எடையைப் போல 5 மடங்குக்கு மேல கூட விசை காலுக்குள்ள ஏறுது, 50 கிலோ பையன்னா 250 கிலோ. அதே நேரத்துல முதுகு பின்பக்கம் வளையுது, இடது பக்கமா சாயுது, கூடவே திரும்பவும் செய்யுது. இந்த மூணும் சேர்ந்து வந்து விழுற இடம் இடுப்புக்கு நேர் மேல இருக்கிற கடைசி ரெண்டு முள்ளெலும்பு, அதோட பின்பக்கத்துல இருக்கிற மெல்லிசான ஒரு பாலம் மாதிரியான பகுதி. ஒரு தடவையில உடையறதில்ல, கம்பியை ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வளைச்சா என்ன ஆகும், அதேதான். இதைத்தான் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்னு சொல்றாங்க. ரைட் ஆர்ம் பவுலருக்குப் பெரும்பாலும் இடது பக்கம் வரும், லெஃப்ட் ஆர்ம்னா வலது பக்கம்.

சின்ன வயசுல ஏன் அதிகம்னா, உயரம் மளமளன்னு ஏறுற அந்த 13, 14 வயசுல எலும்பு நீளமாயிடும், கெட்டியாகுறது அதுக்கு அப்புறம்தான் வந்து சேரும். கீழ் முதுகு எலும்பு முழுசா கெட்டிப்பட இருபது வயசைத் தாண்டணும். அதனாலதான் ஒரே வருஷத்துல பேண்ட் ரெண்டு தடவை குட்டையாப் போன பையனை ரொம்ப ஜாக்கிரதையா பாக்கச் சொல்றேன், அவன் வேகமும் அப்பதான் கூடும், எல்லாரும் அவன் கையிலதான் பந்தைக் குடுப்பாங்க.

பெரிய ஆளுங்களுக்கே இது லேசான விஷயம் இல்ல. பும்ராவுக்கு 2019ல கீழ் முதுகுல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அப்புறம் 2022ல மறுபடி முதுகு, டி20 உலகக் கோப்பையே ஆட முடியல, 2023 மார்ச்ல நியூசிலாந்து போய் ஆபரேஷன் பண்ணி ஆகஸ்ட்லதான் திரும்ப வந்தாரு. ஆஸ்திரேலிய ஃபாஸ்ட் பவுலர் பாட் கம்மின்ஸ் 18 வயசுல 2011ல ஜோகன்னஸ்பர்க்ல முதல் டெஸ்ட் ஆடி மேன் ஆஃப் த மேட்ச் வாங்கினவர், அடுத்த டெஸ்ட் ஆடினது 2017 மார்ச்ல ராஞ்சியில, இடையில போன அந்த அஞ்சு வருஷத்துல பெரிய பங்கு முதுகு எலும்பு விரிசலுக்குத்தான். அவங்களுக்குப் பின்னாடி பிசியோ, ஸ்கேன், டாக்டர்னு ஒரு பட்டாளமே இருந்துச்சு. நம்ம பையனுக்கு நாமதான் இருக்கோம்.

ஸ்டெப் 1: பந்தை எண்ணுங்க

எக்சர்சைஸை விட முன்னாடி இதை வைக்கிறேன், ஏன்னா எவ்வளவு ஸ்ட்ரெச்சிங் பண்ணினாலும் ஓவர் கணக்கில்லாம போட்டா முதுகு தாங்காது. ஒரு சின்ன நோட்டு வாங்கிக் குடுங்க. நெட்ஸ்ல (வலை கட்டிப் பண்ற ப்ராக்டிஸ்ல) போட்டது, ஸ்கூல் மேட்ச், ஊர் டீம் மேட்ச், டென்னிஸ் பால் டோர்னமெண்ட், எல்லாம் ஒரே நோட்டுல வரணும். இங்க பெரிய சிக்கலே என்னன்னா ஸ்கூல் பி.டி. சாருக்கு ஊர் டீம்ல என்ன போட்டான்னு தெரியாது, ஊர் கேப்டனுக்கு கோச்சிங்ல என்ன போட்டான்னு தெரியாது, ஆளாளுக்கு நாலு ஓவர்தானேன்னு கேக்குறாங்க, பையனும் பெரியவங்க கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டான், வாரக் கடைசியில கூட்டிப் பாத்தா இன்டர்நேஷனல் பவுலர் போடுற கணக்குக்கு வந்து நிக்குது. மொத்தக் கணக்கு தெரிஞ்ச ஒரே ஆள் அவன்தான், அதனால நோட்டு அவன் பையிலதான் இருக்கணும்.

டென்னிஸ் பால்தானே, லேசா இருக்கேன்னு கழிச்சுடாதீங்க. முழு ரன்அப்ல (பந்து போட ஓடி வர்ற முழு தூரம்) ஓடி வந்து கால் ஊன்றுற விசைக்கும் பந்தோட எடைக்கும் சம்பந்தம் இல்ல, முதுகுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இன்னும் சொல்லப்போனா டென்னிஸ் பால் வேகமா போகணும்னு பசங்க உடம்பை இன்னும் அதிகமா முறுக்கிப் போடுறதைத்தான் நான் பாக்குறேன்.

எத்தனை போடலாம்? இங்கிலாந்து கிரிக்கெட் போர்டு பல வருஷமா சின்னப் பசங்களுக்குன்னு வெச்சிருந்த கணக்கு நம்ம ஊருக்கும் நல்லா ஒத்து வரும். 13 வயசு வரைக்கும் ஒரு ஸ்பெல்லுக்கு (ஒரே முனையிலருந்து விடாம போடுற ஓவர்கள்) 5 ஓவர், ஒரு நாளைக்கு 10. 14, 15 வயசுக்காரங்களுக்கு ஸ்பெல்லுக்கு 6, நாளைக்கு 12. 16லருந்து 19 வரைக்கும் ஸ்பெல்லுக்கு 7, நாளைக்கு 18. ஒரு ஸ்பெல் முடிஞ்சா எத்தனை ஓவர் போட்டானோ அதே எண்ணிக்கை ஓவர் அந்த முனையிலருந்து போன பிறகுதான் மறுபடி பந்து. நெட்ஸ்ல 13 வயசு வரைக்கும் 30 பந்து, 14, 15க்கு 36 பந்து, வாரத்துக்கு 2 நாள்தான் நெட்ஸ். தொடர்ச்சியா 2 நாளைக்கு மேல போடக்கூடாது, 7 நாள்ல 4 நாளைத் தாண்டக்கூடாது. இது உச்ச வரம்பு, தினமும் எட்டிப் பிடிக்க வேண்டிய டார்கெட் இல்ல.

 

இன்னொண்ணு, திடீர்னு ஏத்துறது. பரிட்சைக்காக ஒரு மாசம் பந்தே தொடாத பையன் ஏப்ரல், மே லீவு வந்ததும் ஒரே வாரத்துல மூணு டோர்னமெண்ட் ஆடுறான். உடம்புக்கு அதிகமா போடுறதை விட ஒரே மூச்சுல கூட்டுறதுதான் ஆபத்து. லீவுக்கு மூணு நாலு வாரம் முன்னாடியே ஒருநாள் விட்டு ஒருநாள் 12 பந்து, 18 பந்து, 24 பந்துன்னு மெதுவா ஏத்திட்டு வரச் சொல்லுங்க, பரிட்சை நேரம்னாலும் அதுக்கு அரை மணி நேரம் போதும்.

ஸ்டெப் 2: குளிர்ல வார்ம்அப்பை அவசரப்படுத்தாதீங்க

சமவெளியில பத்து நிமிஷம் ஓடினா வேர்த்துடும். இங்க டிசம்பர், ஜனவரியில காலையில புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சிருக்கு, எட்டு மணி மேட்சுக்கு ஜீப்ல குறுகி உக்காந்து வந்து இறங்கின பையன் கையை ரெண்டு சுத்து சுத்திட்டு நேரா முழு ரன்அப்ல முதல் ஓவர் போடுறான். அது வேண்டவே வேண்டாம். 20 நிமிஷமாவது ஒதுக்குங்க, ஸ்வெட்டரைக் கழட்டாம ஆரம்பிங்க, உடம்பு சூடேறின பிறகு கழட்டினா போதும்.

வரிசை இப்படி. அஞ்சு நிமிஷம் மெதுவா ஓட்டம், பக்கவாட்டு ஓட்டம், முட்டியை உயர்த்தி ஓட்டம், இல்லன்னா ஸ்கிப்பிங் கயிறு. அடுத்து அசைஞ்சுகிட்டே பண்ற ஸ்ட்ரெச்: ஒரு கையால ஃபென்ஸைப் புடிச்சுகிட்டு காலை முன்னும் பின்னும் 10 தடவை, அப்புறம் குறுக்க 10 தடவை ஆட்டுறது. பெரிய எட்டு வெச்சு முட்டியை மடக்கி இறங்கி, முன்கால் பக்கமா மேல் உடம்பைத் திருப்பி, எழுந்து அடுத்த எட்டு, இப்படி கிரவுண்ட்ல 10 எட்டு. நாலு கால்ல மண்டி போட்டு ஒரு கையைத் தலைக்குப் பின்னாடி வெச்சு முழங்கையை வானத்தைப் பாத்துத் திருப்புறது, பக்கத்துக்கு 8. இந்தக் கடைசி ஒண்ணை விட்டுடாதீங்க, நெஞ்சுப் பக்கத்து முதுகு நல்லா திரும்பினாத்தான் கீழ் முதுகு அந்த வேலையைச் சேத்து இழுக்காது.

அதுக்கப்புறம் ரன்அப்பை மட்டும் பந்து இல்லாம மூணு நாலு தடவை, வேகத்தைக் கூட்டிக்கிட்டே. பிறகு நின்ன இடத்துலருந்து ரெண்டு மூணு பந்து, பாதி ரன்அப்ல நாலஞ்சு, முழு ரன்அப்ல முக்கால் வேகத்துல ரெண்டு. இதுவும் நோட்டுல ஏறணும். ஃபைன் லெக்ல (பேட்ஸ்மேனுக்குப் பின்பக்கம் பவுண்டரி ஓரத்துல) நின்னு அரை மணி நேரம் மூடுபனியில விறைச்சுப் போன பையனை ரெண்டாவது ஸ்பெல்லுக்குக் கூப்பிடுறதுக்கு ஒரு ஓவர் முன்னாடியே கேப்டன் சைகை காட்டணும், அவன் அங்கேயே குதிச்சு, காலை ஆட்டி, தயார் ஆகிக்கலாம். அசையாம ரொம்ப நேரம் இழுத்துப் பிடிக்கிற ஸ்ட்ரெச் மேட்சுக்கு முன்னாடி தேவையில்ல, சதையோட சக்தி கொஞ்சம் குறையும், அதை ஆட்டம் முடிஞ்ச பிறகு வெச்சுக்கலாம்.

ஸ்டெப் 3: முடிஞ்ச பிறகு இழுக்க வேண்டிய சதைங்க

கீழ் முதுகு வலிக்கும்னு கீழ் முதுகையே போட்டு வளைக்கிறாங்க. அதைச் சுத்தி இருக்கிற சதை இறுகிப் போறதுதான் பெரிய பிரச்சனை. உயரம் ஏறுற வயசுல எலும்பு முன்னாடி போயிடும், சதை பின்தங்கி இறுகி நிக்கும், அதனால இந்தப் பசங்களுக்கு ஸ்ட்ரெச்சிங் ரொம்பவே உதவும்.

தொடையோட பின்பக்கம்: மல்லாக்கப் படுத்து ஒரு துண்டைப் பாதத்துல மாட்டி முட்டியை நேரா வெச்சு காலை மேல தூக்குறது. இடுப்போட முன்பக்கம்: ஒரு முட்டியைத் தரையில போட்டு இன்னொரு காலை முன்னாடி வெச்சு, பின்பக்கச் சதையை இறுக்கிகிட்டு உடம்பை லேசா முன்னாடி நகர்த்துறது, முதுகை வளைக்காம. உக்காருற இடத்துச் சதைக்கு: மல்லாக்கப் படுத்து ஒரு கணுக்காலை எதிர்த் தொடை மேல போட்டு தொடையை நெஞ்சுப் பக்கம் இழுக்கிறது. ஒவ்வொண்ணும் 30 செகண்ட், ரெண்டு பக்கமும் ரெண்டு தடவை. கெண்டைச் சதைக்கு சுவத்துல கையை ஊனி நின்னாலே போதும். குதிச்சுக் குதிச்சு காலைத் தொடுற பழைய ட்ரில் வேண்டாம், வலி இருக்கிற பையன் குப்புறப் படுத்து மேலுடம்பைத் தூக்குற ஆசனத்தைப் பண்ணவே கூடாது, பவுலிங்ல எந்தப் பக்கம் முதுகு வளையுதோ அதே பக்கம்தான் அதுவும் வளைக்குது.

மேட்ச் முடிஞ்சதும் நேரா பஸ் ஏறி கொண்டை ஊசி வளைவுல உடம்பைக் குறுக்கிட்டு வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கிரவுண்ட்லயே பத்து நிமிஷம் இதைப் பண்ணிடுங்க. வீட்டுக்கு வந்து பண்றேன்னு சொன்னா பண்ண மாட்டாங்க.

ஸ்டெப் 4: பலம் ஏத்துறது

மலைப் பையன், ஏறி இறங்கியே காலு இரும்பா இருக்குமேன்னு சொல்றவங்க நிறைய பேர். காலும் மூச்சும் பலமா இருக்கிறது உண்மைதான். ஆனா ஒத்தக் கால்ல ஊன்றி உடம்பைத் திரும்ப விடாம, சாய விடாம பிடிச்சு நிறுத்துற பலம் ஏத்தத்துல நடந்தா தானா வராது. வயித்துப் பக்கச் சதை, விலாவுக்குக் கீழ பக்கவாட்டுச் சதை, உக்காருற இடத்துச் சதை இந்த மூணையும் தனியா வளக்கணும். வாரத்துக்கு 3 நாள், 20லருந்து 25 நிமிஷம், ஜிம் எதுவும் வேண்டாம். தரை ஜில்லுன்னு இருக்கும், ஒரு கம்பளியை நாலா மடிச்சு விரிச்சுக்குங்க.

சைட் பிளாங்க்தான் இதுல ராஜா. பக்கவாட்டுல படுத்து முழங்கையை ஊனி இடுப்பைத் தூக்கி உடம்பை நேர்கோடா பிடிக்கணும். புதுசா ஆரம்பிக்கிறவங்க முட்டியை மடிச்சுத் தரையில வெச்சு 15 செகண்ட், மூணு தடவை. சுலபமானதும் காலை நீட்டி 30 செகண்ட். ரெண்டு பக்கமும் ஒரே நேரம் பிடிக்க முடியுதான்னு பாருங்க, ஒரு பக்கம் சீக்கிரம் விழுந்தா அந்தப் பக்கத்துக்கு ஒரு தடவை கூடுதல்.

அடுத்து நாலு கால்ல மண்டி போட்டு வலது கையும் இடது காலும் ஒண்ணா நீட்டி 8 செகண்ட் பிடிச்சு மாத்துறது, பக்கத்துக்கு 6. முதுகு மேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சா சிந்தக் கூடாது, அவ்வளவு ஆடாம இருக்கணும். மல்லாக்கப் படுத்து முட்டியை மடிச்சு இடுப்பைத் தூக்கி இறக்குறது 12, ரெண்டு மூணு வாரம் கழிச்சு ஒத்தக் கால்ல 8. பிறகு ஒரு காலைப் பின்னாடி படியில வெச்சு முன்கால்ல உக்காந்து எழுறது, பக்கத்துக்கு 8. ஒத்தக் கால்ல நின்னு முதுகை நேரா வெச்சு இடுப்புலருந்து குனிஞ்சு எழுறது, பக்கத்துக்கு 8. கடைசியா 5 லிட்டர் தண்ணி கேனை ஒரே கையில தூக்கிட்டு உடம்பு சாயாம 30 எட்டு நடந்து, கை மாத்தித் திரும்பி வர்றது. கஷ்டம் இல்லன்னா 10 லிட்டர்.

ஒரு மாசம் ஒழுங்கா பண்ணினவங்க லேண்டிங்கையும் சேத்துக்கலாம்: ஒரு சின்னப் படியிலருந்து முன்கால்ல குதிச்சு முட்டி உள்ள மடியாம, சத்தம் வராம நின்னு மூணு எண்ணணும், 5 தடவை போதும். நூறு சிட்அப், இருநூறு சிட்அப்னு பசங்களைப் போட்டி போட வைக்காதீங்க, பவுலருக்கு வேணுங்கறது அசையாம பிடிக்கிற வயிறு. மேட்சுக்கு முதல் நாள் ராத்திரி இதெல்லாம் வேண்டாம்.

ஒரு வார்த்தை, இங்க நிறைய பசங்க சனிக்கிழமை அப்பாவோட தோட்டத்துல கேரட் மூட்டை, தேயிலை மூட்டை தூக்குறாங்க. குடும்ப வேலை, தப்பே இல்ல. ஆனா அதுவும் முதுகுக்குப் போற கணக்குதான், முழு நாள் மூட்டை தூக்கினவன் மறுநாள் பத்து ஓவர் போடக் கூடாது, கேப்டன்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

ஸ்டெப் 5: ஆக்ஷனையும் கிரவுண்டையும் பாருங்க

ஆஸ்திரேலியாவுல பெர்த்ல இருந்த பேராசிரியர் ப்ரூஸ் எலியட்டும் கூட இருந்தவங்களும் வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு காட்டின விஷயம், இடுப்பு ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் பாக்குற கலப்பு ஆக்ஷன்தான் முதுகுக்கு ரொம்பக் கெடுதல். சைட் ஆன் ஆக்ஷன்னா ரெண்டும் பக்கவாட்டுல பாக்கணும், ஃப்ரண்ட் ஆன் ஆக்ஷன்னா ரெண்டும் முன்பக்கம், எதுவா இருந்தாலும் சரி, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகணும். போனை ஸ்லோமோஷன்ல போட்டு பின்பக்கத்துலருந்து எடுங்க. பின்கால் தரையைத் தொடுற இடத்துல நிறுத்தி இடுப்பும் தோளும் எங்க பாக்குதுன்னு பாருங்க, அதுலருந்து முன்கால் ஊன்றுறதுக்குள்ள தோள் 30 டிகிரிக்கு மேல பின்னாடி திரும்புறது தெரிஞ்சா தெரிஞ்ச கோச்கிட்ட காட்டுங்க. யூடியூப் பாத்து நீங்களே மாத்தாதீங்க. மாத்தும்போதும் நின்ன இடத்துலருந்து, நடந்து, பாதி ரன்அப்ல, இப்படித்தான் வரணும், சீசன் நடுவுல வேண்டாம்.

நம்ம கிரவுண்டு பாதிக்கு மேல சரிவு. இறக்கத்துல ஓடி வந்து போட்டா வேகம் கிடைக்கும், கால் ஊன்றுற அடியும் கூடும், அதனால ப்ராக்டிஸ்ல ரெண்டு முனையிலயும் மாத்தி மாத்தி போடச் சொல்லுங்க. முன்கால் விழுற இடத்துல குழி விழுந்தா மண்ணைப் போட்டு மிதிச்சு சமன் பண்ணிட்டுத்தான் அடுத்த ஓவர். சிமெண்ட் பிட்ச்னா நல்ல குஷன் உள்ள ஷூ, இல்லன்னா பந்து எண்ணிக்கையைக் குறைச்சுக்குங்க. ஜூன், ஜூலை மழையில வழுக்குற கிரவுண்ட்ல முழு ரன்அப் வேண்டாம்.

சாப்பாட்டைப் பத்தி சுருக்கமா: பால், ராகிக் களி, முட்டை, அவரை எல்லாம் நம்ம வீட்டுலயே இருக்கு, வளர்ற எலும்புக்கு அதுவே நல்லது. மழை மாசத்துல வெயிலே படாம கிடக்கிற பசங்களுக்கு விட்டமின் டி குறைவா இருக்கான்னு டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாத்துடுங்க. தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

வலி வந்துட்டா

ஆட்டம் முடிஞ்ச மறுநாள் ரெண்டு பக்கமும் பரவலா பிடிச்ச மாதிரி இருந்து ரெண்டு நாள்ல போயிட்டா பெரும்பாலும் சதைதான். ஆனா ஒரு பக்கமா, விரலை வெச்சுக் காட்டுற மாதிரி ஒரு இடத்துல, போடும்போது வலிச்சு ஓய்வெடுத்தா குறைஞ்சு மறுபடி போட்டா திரும்ப வருதுன்னா அன்னிக்கே பவுலிங்கை நிறுத்துங்க. முன்கால் பக்கத்து ஒத்தக் கால்ல நின்னு லேசா பின்னாடி வளைஞ்சா அந்த இடம் சுருக்குன்னு வலிச்சா இன்னும் சந்தேகம் வலுக்குது, ஆனா வலிக்கலைங்கிறதை வெச்சு ஒண்ணும் இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க. எலும்பு டாக்டர்கிட்ட போய் "வேகமா பந்து போடுற பையன், வளர்ற வயசு, இந்தப் பக்கம்தான் வலி"ன்னு தெளிவா சொல்லுங்க, நோட்டையும் கொண்டு போங்க. ஆரம்பத்துல எக்ஸ்ரேயில ஒண்ணும் தெரியாம போகலாம், எக்ஸ்ரே நல்லா இருக்குன்னு மறுநாளே போட ஆரம்பிக்காதீங்க, எம்.ஆர்.ஐ. எடுக்கணுமான்னு கேளுங்க. அதுக்காகக் கோயமுத்தூர் இறங்க வேண்டி வந்தாலும் இறங்குங்க, விரிசல் விழுறதுக்கு முன்னாடி எலும்பு நொந்து போன நிலைமையிலயே பிடிச்சா சீக்கிரமா, முழுசா ஆறும், விட்டுட்டா மாசக்கணக்குல இழுக்கும். காலு மரத்துப் போறது, பலம் இல்லாம போறது, ராத்திரி தூங்க விடாத வலி, காய்ச்சலோட முதுகு வலி, ஒண்ணுக்கு போறதுல சிக்கல், இதுல எது வந்தாலும் காத்திருக்காம ஆஸ்பத்திரி.

மாத்திரை போட்டு வலியை மறைச்சு ஃபைனல் ஆட வைக்கிற வேலையை யாரும் பண்ணாதீங்க. ஊர் மானம், கப்புன்னு பெரியவங்க சுத்தி நின்னு பேசும்போது 15 வயசுப் பையனால எதிர்த்துப் பேச முடியாது, அங்க அப்பாவோ அண்ணனோ முன்னாடி போய் "இவன் இன்னிக்கு பேட்டிங், ஃபீல்டிங் மட்டும் பண்ணுவான்"னு சொல்லணும், டாக்டரைப் பாக்குற வரைக்கும் வலி இருந்தா அதுவும் வேண்டாம்.

எலும்புல பாதிப்புன்னு உறுதியானா மூணு மாசத்துலருந்து ஆறு மாசம் வரைக்கும் ஓய்வு ஆகலாம், எவ்வளவுன்னு டாக்டரும் பிசியோவும்தான் சொல்லணும். வலி போயிடுச்சுங்கிறதும் எலும்பு ஆறிடுச்சுங்கிறதும் ஒண்ணு இல்ல, வலி முன்னாடியே போயிடும். அவங்க சரின்னு சொன்ன பிறகு நின்ன இடத்துலருந்து 12 பந்து, ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு வாரம். அப்புறம் நடந்து வந்து, பாதி ரன்அப்ல, அப்புறம் முழு ரன்அப்ல பாதி வேகம், ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு வாரமாவது நின்னு, வலி எட்டிப் பாத்தா முந்தின கட்டத்துக்கே திரும்பிப் போய், பிசியோகிட்ட சொல்லிட்டு மறுபடி அங்கருந்து தொடங்குங்க.